கள்ளுக்கடையை மூடப் பிறந்த வரி

2023-ஆம் வருஷம் மே மாதத்தின் நடுவில், மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்திலும், செங்கற்பட்டு ஜில்லா சித்தாமூர்ப் பக்கத்துக் கிராமங்களிலும் விஷச் சாராயம் குடித்து இருபதுக்கு மேற்பட்டோர் மாண்ட செய்தியை நமது வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மாண்டவர்கள் மீன் பிடித்தும் கூலி வேலை செய்தும் பிழைத்த ஏழைகள். அவர்களைக் கொன்ற சரக்கு அந்தக் கிராமங்களில் காய்ச்சப்பட்டதன்று. சென்னைக்கு மேற்கே, மதுரவாயலுக்கும் பூந்தமல்லிக்கும் இடையேயுள்ள வானகரத்தில் இருந்த ஒரு ரசாயனத் தொழிற்சாலையிலிருந்து மெத்தனால் என்னும் திராவகம் கைமாறிக் கைமாறி அங்கே போய்ச் சேர்ந்ததென்று போலீஸ் விசாரணையில் வெளியாயிற்று. பெயிண்டுக்கும் தின்னருக்கும் உபயோகப்படுகிற சரக்கு அது. பட்டணத்து மேற்குப் புறநகரில் பீப்பாயில் ஏறியது, கடற்கரைக் குப்பத்தில் பாக்கெட்டில் இறங்கியது.

மெத்தனாலுக்கும் குடிக்கும் சாராயத்துக்கும் பார்வையில் பேதமில்லை. வயிற்றுக்குள் போன பிறகுதான் பேதம் தெரியும். ஈரல் அதை முதலில் பார்மால்டிஹைடாகவும், பிறகு பார்மிக் அமிலமாகவும் மாற்றுகிறது. அந்த அமிலம் ரத்தத்தின் தன்மையைக் கெடுத்துக் கண் நரம்பை அரித்துவிடுகிறது. குடித்தவன் முதலில் கண் மங்குகிறதென்பான்; பிறகு மூச்சு வாங்கும். ஒரு வருஷம் கழித்து, 2024 ஜூனில், கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் இதே மெத்தனால் அறுபதுக்கு மேற்பட்ட உயிர்களை வாங்கியது. இரண்டு சமயங்களிலும் இறந்தவர் குடும்பத்துக்குப் பத்து லட்சம் ரூபாய் வீதம் சர்க்கார் நிவாரணம் அறிவித்தது. சட்டசபை கூடி, ஆயுள் தண்டனை வரை விதிக்க இடம் கொடுத்து 1937-ஆம் வருஷத்து மதுவிலக்குச் சட்டத்தைத் திருத்திற்று. ஆம், அந்தச் சட்டத்துக்கு இன்றும் மதுவிலக்குச் சட்டம் என்றுதான் பெயர். சர்க்கார் மதுக்கடைகளை நடத்துவதற்கான விதிகளும் அதே சட்டத்தின் கீழ்தான் செய்யப்பட்டிருக்கின்றன!

விஷச் சாராயத்தால் சாவு நேர்ந்தால் மந்திரிகள் பறந்து வருகிறார்கள். எதிர்க்கட்சிக்காரர்கள் கொடி பிடிக்கிறார்கள். பத்திரிகைகள் முதல் பக்கத்தைக் கொடுக்கின்றன. முத்திரையிட்ட சீசாவினால் நேரும் சாவுக்கு இந்த மரியாதை எதுவும் கிடையாது. அது ஒரே இரவில் அறுபது பேரைக் கொல்வதில்லை. வீட்டுக்கு ஒருவராக, பத்து வருஷம் இருபது வருஷம் எடுத்துக்கொண்டு, ஈரலைச் சுருக்கிக் கொல்கிறது. ஆகையால் அது செய்தியாவதில்லை. அந்தச் செய்தியைப் பற்றியே நாம் இன்று எழுத விரும்புகிறோம்.

வானகரத்திலிருந்து ஒரு சாலை வடக்கே அம்பத்தூருக்குப் போகிறது. அங்கே 1964-ல் தொழிற்பேட்டை ஏற்பட்டது. அதற்கு மேற்கே ஆவடியில் ராணுவ டாங்கிகள் செய்யும் கனரக வாகனத் தொழிற்சாலை 1961-ல் நிறுவப்பட்டது. வயலும் ஏரியுமாயிருந்த இந்தப் பிரதேசத்துக்குப் பிழைப்புத் தேடி வந்தவர்களின் மூன்றாவது தலைமுறை இப்போது வேலைக்குப் போகிறது. லேத்துப் பட்டறைகளிலும், வார்ப்படச் சாலைகளிலும், அட்டைப் பெட்டி செய்யும் கூடங்களிலும் எட்டு மணி, பன்னிரண்டு மணி நேரம் நின்ற கால்களோடு தொழிலாளி வெளியே வருகிறான். வீட்டுக்குப் போகும் வழியில் கடை இருக்கிறது. மதியம் 12 மணிக்குத் திறந்து இரவு 10 மணிக்கு மூடும் கடை, சர்க்காரே முதலாளி. மறைந்து போக வேண்டிய அவசியமில்லை, வெட்கப்படவும் தேவையில்லை.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2024 பிப்ரவரி விலை உயர்வுக்குப் பிறகு, சாதாரண ரகத்தில் 180 மில்லி கொண்ட சீசா, அதாவது ஜனங்கள் குவார்ட்டர் என்று சொல்லுவது, 140 ரூபாய். தினம் ஒன்று வாங்குகிறவனுக்கு மாதம் 4,200 ரூபாய் ஆகிறது. வருஷத்துக்கு 51,100 ரூபாய். பக்கத்தில் தொட்டுக்கொள்ள வாங்குவது, நண்பனுக்கு வாங்கிக் கொடுப்பது, மறுநாள் எழுந்திருக்க முடியாமல் இழந்த கூலி ஆகியவற்றை நாம் சேர்க்கவில்லை. நாளைக்கு ஐந்நூறு அறுநூறு ரூபாய் கூலி வாங்குகிற ஒப்பந்தத் தொழிலாளிக்கு இது வருமானத்தில் நாலில் ஒரு பங்கு. வீட்டு வாடகைக்கு நிகரான தொகை என்று சொன்னாலும் தவறில்லை.

இதே குடும்பத்துக் குடும்பத்தலைவிக்கு, 2023 செப்டம்பர் 15 முதல், மாதம் 1,000 ரூபாய் உரிமைத் தொகையாகக் கொடுக்கும் திட்டத்தைத் தமிழ்நாட்டு சர்க்கார் ஆரம்பித்தது. நல்ல காரியம், நாம் குறை சொல்ல வரவில்லை. ஆனால் பெண்டாட்டியின் கணக்கில் ஆயிரம் வைத்துவிட்டுப் புருஷனின் சட்டைப் பையிலிருந்து நாலாயிரத்து இருநூறு எடுக்கிற சர்க்காரைத் தர்மப் பிரபு என்று சொல்ல நமக்கு வாய் வரவில்லை. அந்த வீட்டுக் கணக்கை எழுதிப் பார்த்தால் மாதம் 3,200 ரூபாய் பற்று நிற்கிறது. அதை ஈடு செய்கிறவள் அந்த அம்மாள்தான். நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்து ஈடு செய்கிறாள். அடியும் உதையும் தனி.

அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் பீஹாரிலிருந்து வந்த இளைஞர்களும் ஏராளமாக வேலை செய்கிறார்கள். அவர்களுடைய ராஜ்யத்தில் 2016 ஏப்ரல் முதல் மதுவிலக்கு அமுலுக்கு வந்தது. தாய் தகப்பன் கண்ணுக்கு எட்டாத தூரத்தில், எட்டுப் பேர் தங்கும் அறையில், கையில் முதல் சம்பளத்தோடு நிற்கிற பையனுக்குத் தமிழ்நாடு காட்டுகிற முதல் உபசாரம் இந்தக் கடையின் பலகை. விருந்தினரை இவ்விதம் வரவேற்பது நமது நாட்டு வழக்கமன்று.

உடலுக்கு விளையும் கெடுதியைப் பற்றி இன்று வாதத்துக்கு இடமே இல்லை. மது புற்றுநோயை உண்டாக்கும் பொருள்களில் முதல் வகுப்பைச் சேர்ந்ததென்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 1988-லேயே தீர்மானித்துவிட்டது. புகையிலை இருக்கும் அதே வகுப்பு. அளவோடு குடித்தால் இருதயத்துக்கு நல்லது என்று சில டாக்டர்களும் பல கனவான்களும் சொல்லிவந்த சமாதானத்தை, எந்த அளவும் அபாயமற்றதல்ல என்று 2023 ஜனவரியில் உலக சுகாதார ஸ்தாபனம் முடித்து வைத்தது. 2019-ஆம் வருஷத்தில் மட்டும் உலகத்தில் 26 லட்சம் மரணங்களுக்கு மது காரணமாயிருந்ததென்பது அந்த ஸ்தாபனத்தின் கணக்கு.

இன்னொரு கணக்கும் நமது கண்ணில் பட்டது. 2019-21-ல் நடந்த தேசியக் குடும்ப நலப் பரிசீலனையில், தமிழ்நாட்டில் பதினைந்து வயதுக்கு மேற்பட்ட ஆண்களில் நூற்றுக்கு 25 பேர் குடிப்பதாகச் சொன்னார்கள்; பெண்களில் ஆயிரத்துக்கு மூன்று பேர். அதாவது, ஆண்களிலேயே நாலில் மூன்று பேர் தாங்கள் குடிப்பதில்லை என்கிறார்கள். ‘ஊரே குடிக்கிறது, யாரை நிறுத்துவது?’ என்று உபதேசம் செய்கிறவர்கள் இந்த எண்ணைக் கொஞ்சம் மனத்தில் வைப்பது நல்லது. குடியாதவர்களே இந்த நாட்டில் பெரும்பான்மையினர். ஆனால் அவர்களுக்குச் சங்கமில்லை, சத்தமுமில்லை.

இனி நமது முக்கிய விஷயத்துக்கு வருவோம். கடையை மூடினால் கஜானா காலியாகிவிடும் என்பதே எல்லாக் கட்சிகளின் மந்திரிகளும் கடைசியில் சொல்லும் வாதம். இந்த வாதம் புதிதன்று. 1937-ல் ராஜாஜி பிரதம மந்திரியானபோது சென்னை மாகாணத்து வருமானத்தின் இரண்டு பெருந்தூண்களில் ஒன்று நிலவரி, மற்றொன்று கள்ளு சாராய வரும்படி. அந்தத் தூணை அசைத்தால் கூரை இடிந்து விழும் என்று அன்றைய உத்தியோகஸ்தர்கள் பயமுறுத்தினார்கள். ராஜாஜி அஞ்சவில்லை. திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையம் ஆசிரமத்தில் 1929-ல் மதுவிலக்குக்கென்றே ‘விமோசனம்’ பத்திரிகை நடத்தியவர் அவர். 1937 அக்டோபர் 1-ஆம் தேதி தமது சொந்த ஜில்லாவான சேலத்தில் கடைகளை மூடினார். பிறகு சித்தூர், கடப்பை, வட ஆர்க்காடு என்று ஒவ்வொரு ஜில்லாவாகப் போனார். மூடியதோடு நிற்காமல், குடியானவனின் மாலை வேளை வெறுமையாகிவிடக் கூடாதென்று தேநீர்க் கடைகளுக்கும், விளையாட்டுக்கும், பஜனைக்கும் ஏற்பாடு செய்தார்கள்.

நஷ்டத்துக்கு என்ன செய்தார்? 1939-ல் பொது விற்பனை வரிச் சட்டம் கொண்டுவந்தார். இந்தியாவிலேயே முதன்முதலாக ஏற்பட்ட பொது விற்பனை வரி அதுதான். வியாபாரிகள் கூச்சல் போட்டார்கள், கடையடைப்பு நடந்தது, இந்தப் பிராமணர் உப்புப் புளிக்கும் வரி போடுகிறாரென்று ஏசினார்கள். ஆனால் வரி நிலைத்தது. நாட்டிலுள்ள மற்ற மாகாணங்கள் ஒவ்வொன்றாக அதைப் பின்பற்றின. குடிகாரன் ஒருவன் தலையில் இருந்த பாரத்தை எல்லாரும் கொஞ்சம் கொஞ்சமாகத் தாங்கிக்கொள்வதே அந்த வரியின் தத்துவம். யுத்த காலத்தில், ஜன மந்திரிசபை இல்லாத 1943-ல், கவர்னர் ஆட்சி மதுவிலக்கை நிறுத்தி வைத்தது. சுதந்திரத்துக்குப் பின், ஓமந்தூரார் மந்திரிசபைக் காலத்தில், 1948 அக்டோபர் 2-ஆம் தேதி மாகாணம் முழுவதும் மதுவிலக்கு அமுலாயிற்று. 1955 ஜனவரியில் ஆவடியில் காங்கிரஸ் மகாசபை கூடிச் சோஷலிஸ மாதிரிச் சமுதாயமே லட்சியம் என்று தீர்மானம் செய்தபோது, அந்தப் பந்தலைச் சுற்றி எந்தத் திசையிலும் ஒரு கள்ளுக்கடை கிடையாது. திருட்டுச் சாராயம் இருந்தது, அதை மறுக்கவில்லை. ஆனால் அன்று சர்க்கார் அதன் எதிரியாயிருந்தது, போட்டிக் கடைக்காரனாயிருக்கவில்லை.

1971 ஆகஸ்டு 30-ஆம் தேதி அந்த மதுவிலக்கு ஒத்தி வைக்கப்பட்டது. 92 வயதான ராஜாஜி, முதலமைச்சர் கருணாநிதியின் வீட்டுக்கு நேரில் போய், வேண்டாமென்று மன்றாடினார். பயன்படவில்லை. புதிதாக மதுவிலக்குக் கொண்டுவரும் ராஜ்யங்களுக்கு மத்திய சர்க்கார் பணம் தரும், ஏற்கெனவே நடத்துகிறவர்களுக்குத் தராது என்றால் நாங்கள் என்ன செய்வது என்பது முதலமைச்சரின் வாதம். அந்த வாதத்தில் நியாயம் இல்லாமலில்லை. நல்லவனுக்கு அபராதமும் பிந்தி வந்தவனுக்குப் பரிசும் கொடுத்த புது தில்லியையும் அந்தப் பாவத்தில் பங்காளியாகவே நாம் கருதுகிறோம். அதற்குப் பிறகு நடந்தது திறப்பதும் மூடுவதுமான கதை: 1974-ல் மூடினார்கள், 1981-ல் எம். ஜி. ஆர். ஆட்சியில் திறந்தார்கள், 1983-ல் மொத்த வியாபாரத்துக்கென்று டாஸ்மாக் என்ற சர்க்கார் கம்பெனி ஏற்பட்டது, 2003 நவம்பரில் ஜெயலலிதா ஆட்சியில் சில்லறை வியாபாரமும் அதன் ஏகபோகமாயிற்று. இரண்டு பெரிய கட்சிகளும் ஒன்றன் மேல் ஒன்று பழி போடலாம். சாவி இருவர் இடுப்பிலும் இருந்திருக்கிறது.

2003-04-ல் மதுவினால் சர்க்காருக்கு வந்த வருமானம் சுமார் 3,640 கோடி ரூபாய். 2024-25-ல் 48,344 கோடி. நாளொன்றுக்கு 132 கோடி! 2023 ஜூனில் 500 கடைகளை மூடினோமென்று பெருமையடித்துக்கொண்டார்கள். மீதி 4,829 கடைகள் இருந்தன. வருமானம் குறையவில்லை, ஏறிற்று. கடையின் எண்ணிக்கையைக் குறைத்து விற்பனையைக் குறைக்காமலிருப்பது மதுவிலக்காகாது. அது வியாபார நிர்வாகம்.

இந்தத் தொகை எந்தத் தலைப்பில் வருகிறதென்று பார்த்தால்தான் விபரீதம் முழுவதும் விளங்கும். 2023-24-ல் வந்த 45,855 கோடியில், கலால் வரி சுமார் 10,774 கோடிதான். மீதி 35,081 கோடி எது? மதிப்புக் கூட்டு வரி. அதாவது, பழைய விற்பனை வரியின் மறுபெயர். கள்ளுக்கடையை மூடுவதற்காக 1939-ல் ராஜாஜி பெற்றெடுத்த அதே வரி, இன்று மதுக்கடையின் கல்லாவில் உட்கார்ந்துகொண்டு நாலில் மூன்று பங்கை வசூல் செய்கிறது. கொலைகாரனைப் பிடிக்க அமர்த்திய சேவகன் அவன் வீட்டிலேயே சம்பளத்துக்கு அமர்ந்த கதை இது.

இது வெறும் பேராசையினால் நேர்ந்ததென்று சொல்லிவிட்டால் பாதி உண்மைதான் ஆகும். 2017 ஜூலை 1-ஆம் தேதி சரக்கு சேவை வரி வந்தபோது, அரிசி மூட்டை முதல் மோட்டார் வண்டி வரை எந்தச் சரக்கின் மீதும் தன் இஷ்டப்படி விற்பனை வரி விதிக்கும் அதிகாரத்தை ராஜ்ய சர்க்கார் இழந்தது. வெளியே விடப்பட்டவை முக்கியமாக இரண்டு: பெட்ரோல் வகையறா, மது. பணமுடை வந்தால் ஒரு நிதி மந்திரி தன் சொந்தக் கையால் திருகக்கூடிய குழாய்கள் இவை இரண்டும், பத்திரப் பதிவு, வாகன வரி போன்ற சிலவுமே. பெட்ரோலைத் திருகினால் கார்க்காரனும் லாரிக்காரனும் சத்தம் போடுவான். மதுவைத் திருகினால் யாரும் சத்தம் போடுவதில்லை. குடிகாரன் ஊர்வலம் போவதில்லை. ஆகவே அந்தக் குழாயே திருகப்படுகிறது. 1939-ல் ராஜாஜி கையில் இருந்த ஆயுதம் இன்றைய முதலமைச்சர் எவர் கையிலும் இல்லை என்பதை மதுவிலக்கு பேசும் தேச பக்தர்கள் ஒப்புக்கொள்ள வேண்டும். தமிழ்நாட்டின் சொந்த வரி வருமானத்தில் நாலில் ஒரு பங்கு மதுவிலிருந்து வந்துகொண்டிருக்கும்போது, ‘நாளைக் காலையில் மூடு’ என்று மேடையில் முழங்குவது சுலபம். மறுநாள் பள்ளிக்கூட வாத்தியாருக்குச் சம்பளம் எங்கிருந்து என்று சொல்வது கஷ்டம்.

கடையை மூடினால் கள்ளச் சாராயம் பெருகும் என்ற வாதத்துக்கும் ஒரு வார்த்தை. மரக்காணத்திலும் கருணாபுரத்திலும் ஜனங்கள் மாண்டபோது சர்க்கார் கடைகள் திறந்தேயிருந்தன. சர்க்கார் கடைச் சீசாவின் விலையைக் கொடுக்க முடியாதவன் பாக்கெட்டுச் சாராயத்துக்குப் போனான். ஆகவே திறந்த கடை விஷத்தைத் தடுக்கும் என்பது பொய்யாயிற்று. ஆனால் மூடிய கடையும் தானாகத் தடுத்துவிடாது. மதுவிலக்குள்ள பீஹாரில் 2022 டிசம்பரில் சாரண் ஜில்லாவிலும், அதே வருஷம் ஜூலையில் குஜராத்தில் போடாத் பக்கத்திலும் எத்தனையோ பேர் இதே விதமாக இறந்தார்கள். இங்கும் அங்கும் குற்றவாளி மெத்தனால்தான். அது குடிசையில் விளைவதில்லை. தொழிற்சாலைக் கிடங்கிலிருந்து கணக்கில்லாமல் வெளியேறுகிறது. வானகரம், அம்பத்தூர்ப் பக்கத்துக் கிடங்குகளில் எத்தனை பீப்பாய் வந்தது, எத்தனை போயிற்று, யாரிடம் போயிற்று என்று மாதந்தோறும் கணக்கெடுப்பது கடை திறந்திருந்தாலும் மூடியிருந்தாலும் சர்க்காரின் கடமை. அதற்குப் புதிய சட்டம் வேண்டாம். பழைய பேரேட்டைப் பிரித்துப் பார்க்கும் ஒரு யோக்கியமான இன்ஸ்பெக்டர் போதும்.

ஆகையால் நாம் கேட்பது ஒரே நாளில் செய்யும் ஆர்ப்பாட்டமன்று. ஜில்லா ஜில்லாவாக, வருஷத்துக்கு இவ்வளவு என்று வருமானத்தை இறக்கும் திட்டம் ஒன்று வரவுசெலவுத் திட்டத்திலேயே எண்களோடு எழுதப்பட வேண்டும். குறையும் ஒவ்வொரு நூறு கோடிக்கும் எதிரே, எந்த வரியிலிருந்து அல்லது எந்தச் செலவிலிருந்து அது ஈடாகும் என்பதும் எழுதப்பட வேண்டும். மத்திய சர்க்கார் 1971-ல் மறுத்ததை இப்போதாவது ஒப்புக்கொண்டு, குறைக்கும் ராஜ்யத்துக்கு நஷ்ட ஈடு தர வேண்டும். மதுவிலக்கை அரசியல் சாசனத்தின் 47-ஆவது விதியில் எழுதி வைத்தது தேசம் முழுவதும் சேர்ந்துதானே? தெருவில் கடை வேண்டுமா என்று தெருப் பெண்களைக் கேட்கும் முறையும் வேண்டும். மகாராஷ்டிரத்தில் பெண்கள் வாக்கெடுப்பு நடத்தி, பாதிக்கு மேல் எதிர்த்தால் கடை மூடப்பட இடமிருக்கிறது. சுப்ரீம் கோர்ட் உத்தரவின்படி 2017-ல் நெடுஞ்சாலைக் கடைகளை அகற்றியபோது, அகற்றியவற்றைக் குடியிருப்புக்குள் கொண்டுவந்து வைத்தார்கள். ஊருக்கு ஊர் பெண்கள் வீதியில் உட்கார்ந்து மறித்தார்கள். அந்த மறியலுக்குச் சட்டத்தில் ஓர் இடம் கொடுத்தால் போலீஸ் தடிக்கு வேலையிராது.

இவையெல்லாம் நாளாகும். நாளாகாத ஒரு காரியமும் இருக்கிறது. காந்தி ஜயந்தி, திருவள்ளுவர் தினம், வள்ளலார் தினம், மே தினம் ஆகிய நாட்களில் கடைகளை மூடுவதைச் சர்க்கார் வழக்கமாகக் கொண்டிருக்கிறது. மே தினம் தொழிலாளியின் தினம். ஆனால் தொழிலாளிக்கு ஆபத்தான தினம் மே தினமன்று, சம்பள தினம். மாதச் சம்பளம் 7-ஆம் தேதிக்குள் பட்டுவாடாவாக வேண்டுமென்பது சட்டம். வாரக் கூலிக்காரனுக்குச் சனிக்கிழமை. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் மாதம் 7-ஆம் தேதியும், சனிக்கிழமை மாலையும் கடைகள் மூடியிருக்கட்டும். முதல் நாளே வாங்கி வைத்துக்கொள்வான் என்பீர்களானால், முதல் நாள் அவன் பையில் காசிராது. அன்று இரவு சம்பளக் கவர் பிரிக்கப்படாமல் வீடு போய்ச் சேரும். மறுநாள் காலையில் மளிகைக் கடைக்காரனுக்கும் வாடகைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போனது போக மிச்சத்தைத்தான் அவன் கையில் வாங்குவான். இதனால் சர்க்காருக்கு எவ்வளவு குறைகிறதென்று ஆறு மாதம் பரீட்சித்துப் பார்த்து, அந்தக் கணக்கைச் சட்டசபையின் மேஜைமீது வைக்கட்டும். இந்த மூன்று ஊர்களின் சட்டசபை அங்கத்தினர்களும், எந்தக் கட்சியைச் சேர்ந்தவர்களாயினும், இதைக் கேட்டு அடுத்த கூட்டத்திலேயே ஒரு தீர்மானம் கொடுக்க வேண்டுமென்று விரும்புகிறோம்.